கேட்காமல் கரண்ட் கொடுக்காதவள்

எழுத்துப் பிழை இருக்கும், சொல்வது முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு கான்வென்ட்டில் துணி தேய்க்கிற வேலைக்குப் போய்விட்டேன். அத்தனை வருஷமும் பீடத்துணிக்குக் கஞ்சி போட்டேனே தவிர பேனா பிடிக்கவில்லை. இப்போது மறதி வேறு. கோவில் மலருக்காக, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் குருக்களைப் பற்றியும் சிஸ்டர்களைப் பற்றியும் எழுதுவார்கள். நான் ஒரு ரிப்பேர்க்காரியைப் பற்றி எழுதுகிறேன். வேண்டாமென்றால் போடாதீர்கள்.

அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். தன்னைக் கேட்காமல் போட்டதற்குச் சண்டைக்கு வருவாள்.

மைசூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பூக்காரர்கள் உட்காருகிற சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவள் கடை. போர்டு கிடையாது. ஒரு மேசை, ஒரு மைக்ரோஸ்கோப், சூடான காற்று ஊதுகிற ஒரு குழாய், இரண்டு ஸ்டூல். சுடிதாருக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பாள். நாற்பது வயது இருக்கலாம். கொள்ளேகால் பக்கம் பிறந்தவள், அதனால் பேச்சில் 'ங்க' நிறைய வரும். யார் எதைக் கொண்டுபோனாலும் கையில் வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பாள். யாருது? என்ன ஆச்சு? கடைசியா எதுல சொருகினீங்க? பதில் வராவிட்டால் பொருளைத் தொட மாட்டாள். அப்படியே மேசையில் கிடக்கும்.

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். வார்டு தலைவருக்கு வேண்டியவர் என்று பூக்காரம்மா பிறகு சொன்னாள். மேசையில் எட்டு வாய் வைத்த ஒரு சார்ஜர் பெட்டி இருக்கும், அவளே செய்தது. அதிலிருந்து ஒரு ஒயரை எடுத்துத் தன் போனில் செருகிக்கொண்டார். இவள் எட்டிப் பிடுங்கிவிட்டாள்.

"அஞ்சு நிமிஷம் சார்ஜ் போட்டா உன் கரண்ட் என்ன தேஞ்சா போயிடும்?"

"தேயாதுங்க. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"நான் யாருன்னு கொத்தா உனக்கு?" என்று கன்னடத்தைக் கலந்து அதட்டினார். 'தெரியுமா' என்பதைத்தான் எங்கள் ஊரில் அப்படிக் கேட்போம்.

"அதைத்தானுங்க கேக்கறேன். வந்ததுல இருந்து யாருன்னே நீங்க சொல்லலையே."

பூக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரமே அந்தக் கட்டிடத்தைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. இதனால்தான் வந்ததா, கட்டிடம் நிஜமாகவே விழுகிற நிலையில் இருந்ததா, எனக்குத் தெரியாது. மேல்மாடி டைப்பிங் கடைக்காரர், பக்கத்து வளையல் கடைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். "எழுதிக் குடுங்க, யார் சொன்னது, எதுக்குன்னு" என்று கேட்டுக்கொண்டு இவள் மட்டும் நாலு மாதம் உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இவளும் எழுந்திருக்கவில்லை.

நான் அவளிடம் போனது என் தங்கையின் குரலுக்காக.

என் தங்கை இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். நான் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள், அவள் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ரேஷன் கடையிலிருந்து என் கல்யாணப் பேச்சு வரைக்கும் அவள்தான் பேசினாள். தொண்டையில் புற்று வந்து குரல்பெட்டியை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது, பெங்களூரில் இருக்கும் அவள் மகன் ஒரு டேப் வாங்கிவந்தான். சிலேட்டு மாதிரி இருக்குமே, அது. ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் குரலிலேயே நூற்றுக்கணக்கான பேச்சைப் பிடித்து அதில் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தைத் தொட்டால் அவள் குரல் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் பேசியதெல்லாம் அதில்தான்.

ஒருநாள் அதில் சார்ஜ் ஏறவில்லை. ஒயரைக் கழற்றிப் பார்த்தோம், திருப்பிச் செருகினோம், ஊதினோம். பதினோரு பெர்சன்ட் என்று காட்டியது. ஒயர்தான் போய்விட்டது, மகன் புதுசு அனுப்புவான் என்று இருந்துவிட்டோம். ஓடிக்கொண்டிருந்தபோதே உள்ளே இருந்ததை வேறு இடத்துக்கு மாற்றிவைத்திருக்கலாமாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, எல்லாம் எங்கோ பத்திரமாக ஏறியிருக்கும் என்று அவனும் நினைத்துவிட்டான். தங்கை பேச்சைச் சிக்கனம் பிடித்தாள். காலையில் இரண்டு சொல், சாயங்காலம் ஒன்று. நாலாம் நாள் காலையில் 'அக்கா' என்று கூப்பிட்டாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் மகன் போனில் சொல்லிவைத்தான்: "பெரியம்மா, தண்ணி பட்டுச்சான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடுங்க. பட்டுச்சுன்னா மூணு வருஷக் கேரண்டி கிடைக்காது." நானும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கூச்சக்காரர்களுக்குச் சுலபமாக வருகிற சொல் அதுதான். அவர்கள் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், மாற்றினால் இருப்பதெல்லாம் போய்விடும் என்றார்கள். வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். பூக்காரம்மா ஒருத்திதான் இந்த மாடிப்படியைக் கைகாட்டினாள்.

"யாருதுங்கம்மா?"

தங்கையுடையது என்றேன். என்ன விஷயம் என்று முழுக்கச் சொன்னேன். அதைச் சொல்வதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

"என்ன ஆச்சுங்க? தண்ணி பட்டுச்சுங்களா?"

"இல்லம்மா."

டேப்பின் வாயை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாள். சின்னச் சின்னத் தங்கப் பல் மாதிரி வரிசையாக இருந்தது. ஒரு ஓரத்தில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தது.

"இது என்னன்னு நீங்க சொல்லோணும்."

நான் சொல்லவில்லை. டேப்பை என் பக்கம் தள்ளிவிட்டாள். "சொன்னாத்தானுங்க தொடுவேன். வெளியில இதப் போர்டா எழுதிப் போடாததுதான் குறை."

எனக்குக் கோபம் வந்தது. வயசுக்கு ஒரு மரியாதை இல்லையா? வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே தங்கை காகிதத்தில் 'என்ன ஆச்சு' என்று எழுதி நீட்டினாள். அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் சோறு வடிக்கப் போனேன். மறுநாளும் சந்துக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன், பேசாமல் திரும்பினேன். மூன்றாம் நாளும் போனேன்.

மூன்றாம் நாள்தான் வேறு ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல சட்டை. ரோஸ் கலர் உறை போட்ட ஒரு போனை வைத்து, "லாக் மறந்துபோச்சு, தெறந்து குடு" என்றான்.

"யாருதுங்க?"

"வீட்டுக்காரியோடது."

"அவங்க வரட்டுங்க."

"நான் அவ புருஷன்."

"அவங்களுக்குங்க. போனுக்கு இல்லீங்களே."

அவன் மேசையில் ஓங்கி அடித்தான். திருகாணிகள் எல்லாம் எகிறின. கன்னடத்திலும் தமிழிலும் என்னென்னவோ சொன்னான், அதையெல்லாம் எழுத முடியாது. பூக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். இவள் தலை நிமிராமல், "போலீசக் கூட்டிட்டு வாங்க. அவங்களையும் இதேதான் கேப்பேன்" என்றாள். அவன் போனை எடுத்துக்கொண்டு ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அவளைப் பார்த்தேன். ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பயமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். அவளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"பின்ன இல்லீங்களா? பயந்தவங்க கேக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

 பூக்காரர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். எங்கள் வீட்டில் பீடத்தில் ஒரு பாட்டிலில் தீர்த்தம் இருக்கும். குருவானவர் உப்பை மந்திரித்துப் போட்டுக் கொடுக்கிற தண்ணீர். தினமும் காலையில், தங்கை எழுந்திருக்கும் முன்னால், அதை விரலில் தொட்டு அந்த டேப்பின் நெற்றியில் சிலுவை போடுவேன். அவள் குரல் அதில் இருக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்றுதான். டேப்பை ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒயர் செருகும் வாய் மேல்பக்கம் இருக்கும், அதனால் அதையே நெற்றி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் ஒருநாள் விடாமல் போட்டேன். தங்கைக்குத் தெரியாது.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். பூக்காரம்மா தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். ரிப்பேர்க்காரி மட்டும், "அப்ப உப்புங்களா!" என்று ஏதோ கிடைத்துவிட்ட மாதிரிச் சொன்னாள். "சாமி தண்ணியோ சாக்கடைத் தண்ணியோ, உப்பு உப்புத்தானுங்க. நல்லவேளை சொன்னீங்க. தெரியாம நான் பாட்டுக்குக் கரண்ட் குடுத்திருந்தா உள்ள இருக்கற குரலும் போயிருக்கும்."

அன்றைக்குத்தான் அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அந்த வாயில் இருக்கிற பல்லெல்லாம் ஒரே வேலைக்கு இல்லையாம். சிலது கரண்ட் வருவதற்கு, சிலது படம் பாட்டு போவதற்கு. நடுவில் ஒன்றிரண்டு, பேசுவதற்கு மட்டும். உள்ளே அரைத் துவரம்பருப்பு அளவில் ஐசி என்று ஒரு கறுப்புச் சில்லு உண்டு. ஒயரைச் செருகியதும் கரண்ட் பாய்ந்துவிடாது. எதிர்ப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுமாம். அந்தப் பக்கம் கொடுக்கிறவரா, வாங்குகிறவரா என்று தெரிய வேண்டும். தெரிந்த பிறகு ஐந்து வோல்ட் மட்டும் வரும். அதற்குப் பிறகுதான் பேச்சு. என்னிடம் ஐந்து இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, இருபது இருக்கிறது, எது தாங்கும் என்று சார்ஜர் கேட்கும். எனக்கு ஒன்பது போதும் என்று டேப் சொல்லும். சரி என்று இரண்டும் ஒத்துக்கொண்டால் ஒன்பது வரும். பதிலே வராவிட்டால் ஐந்தைத் தாண்டாது. நடுவில் சூடு ஏறினால் நிறுத்திவிடும். அவளுடைய எட்டு வாய்ப் பெட்டியிலும் அப்படித்தான். ஒன்று வாங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைச் செருகினால், முதலாவதிடம் மறுபடி பேசி, உனக்குக் கொஞ்சம் குறைக்கிறேன் என்று சொல்லித்தான் குறைக்கும்.

என் தங்கை வார்டில் ஊசி போடுவதற்கு முன்னால் பெயரைக் கேட்பாள், சீட்டைப் பார்ப்பாள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்பாள். அதுதானே இது என்றேன்.

"அதேதானுங்க. உங்க தங்கச்சிய எனக்கு இப்பவே புடிச்சிருக்கு."

பேசுகிற பல்லுக்குப் பக்கத்திலேயே கரண்ட் வருகிற பல் இருக்கிறதாம். நான் போட்ட உப்பு இரண்டுக்கும் நடுவில் பாலம் கட்டிவிட்டது. பேச வேண்டிய வழியில் ஒன்பது வோல்ட் நுழைந்து அந்த ஐசி வெந்துவிட்டது. அதனால் யார் செருகினாலும் இந்தப் பக்கத்திலிருந்து இருக்கிறேன் என்றுகூடப் பதில் இல்லை, அந்த ஐந்தும் வரவில்லை. குரல் இருக்கிற இடம் வேறு, அது நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். "இருக்கோணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று உடனே திருத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் ஆனது. பின்பக்கக் கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றினாள். தகர மூடிகளைத் தூக்கி, ஸ்பிரிட் மாதிரி வாசம் வருகிற எதையோ ஊற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். உப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். அதே மாதிரி டேப் ஒன்று, கண்ணாடி உடைந்து செத்தது, எங்கிருந்தோ வரவழைத்து அதிலிருந்து ஐசியை எடுத்து இதில் வைத்தாள். சர்வீஸ் சென்டரிலேயே முடியாது என்று சொன்னார்களே என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க ஐசியக் கேக்கலீங்க. போர்டத் தூக்கிப்போடச் சொல்லித்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்க மேல தப்பில்ல. நான் அத ஒத்துக்க மாட்டேன், அவ்வளவுதான்."

ஒரு வியாழக்கிழமை பகலில் ஒயரைச் செருகினாள். நடுவில் நம்பர் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. பூஜ்யம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து என்று வந்தது. ஐந்திலேயே நின்றது. செபம் சொல்ல வாய் வரவில்லை, ஏற்கெனவே செய்த பக்தி போதும் என்றிருந்தது. பிறகு ஒன்பது.

"ஒத்துக்கிச்சுங்க" என்றாள். திரையில் வெளிச்சம் வந்து, பூட்டுக்கான நம்பரைக் கேட்டது.

தங்கை ஒரு காகிதத்தில் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாள். நீட்டினேன். ரிப்பேர்க்காரி வாங்கவில்லை.

"அவங்க வந்து போடட்டுங்க. அடுத்தவங்க பூட்ட நான் தெறக்கறதில்ல. அவங்க குரல் சரியா இருக்குதான்னு அவங்களே சொல்லோணும். அப்புறந்தான் பின்னால ஒட்டுவேன்."

"அவ வர மாட்டாம்மா. கழுத்துல ஓட்டை இருக்கு. எல்லாரும் பாக்கறாங்கன்னு ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரி தவிர எங்கயும் போறதில்ல. பூசைக்குக்கூட வரதில்ல."

"தெரியுதுங்க. இருந்தாலும் அவங்கதான் வரோணும்."

கெஞ்சினேன். அவள் வேறு வேலையை எடுத்துவிட்டாள். இதை எழுதும்போதுகூட, அவள் அன்றைக்கு அவ்வளவு கடுமையாக இருந்திருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு யாராவது என்றால் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். வீட்டில் தங்கையிடம் சொன்னேன். காகிதத்தில் 'மாட்டேன்' என்று பெரிதாக எழுதினாள். கீழே இரண்டு கோடு வேறு.

எங்கள் வீட்டில் அவள் சொன்னதுதான் எப்போதும் நடக்கும். நான் மறுத்துப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினேன். "அப்படின்னா உன் குரல் அங்கேயே கிடக்கட்டும். நான் போய் வாங்கிட்டு வர மாட்டேன்" என்றேன். கூடவே தீர்த்த விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து நல்ல புடவை ஒன்றை எடுத்தாள்.

ஆட்டோவில் போனோம். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். அது மூச்சுக்கு ஆடும், ஆடுவதைப் பார்த்தாலே ஜனங்கள் நின்றுவிடுவார்கள். சந்தில் நுழைந்ததும் அப்படித்தான் ஆனது. பூ வாங்க வந்தவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், யார் யாரோ பின்னாலேயே வந்து கடையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தங்கையின் கை என் முழங்கையை அழுத்திப் பிடித்திருந்தது.

"வாங்கக்கா" என்று ரிப்பேர்க்காரி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டேப்பைக் காட்டி, "யாருதுங்க இது?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"உங்களக் கேக்கலீங்க."

தங்கை உட்கார்ந்தாள். நம்பரைப் போட்டாள். படங்கள் எல்லாம் வந்தன. விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. ஒரு படத்தில் நின்றது.

"என்னுது."

அவள் குரல்தான். வார்டில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். ரிப்பேர்க்காரி தலையை ஆட்டிவிட்டு, "சரியா இருக்குதுங்களா? இன்னொன்னு போட்டுப் பாருங்க" என்றாள்.

தங்கை நிமிர்ந்து, தன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். குரல் பிடித்த நாட்களில் அவள் தன் வார்டு அதட்டல்களையும் சேர்த்துச் சொன்னாள். இதெல்லாம் எதுக்கும்மா, சாப்பாடு தண்ணி கேட்கிற மாதிரி நாலு சொல்லு போதாதா என்று மகன் கேட்டான். அவள் அவனையும் அதட்டிவிட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவைத்தாள். அதில் ஒன்றைத் தேடித் தொட்டாள்.

"இங்க என்ன வேடிக்கை? எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!"

அத்தனை பேரும் பின்னால் போனார்கள். ரிப்பேர்க்காரியும் ஸ்டூலோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

இவ்வளவுதான். நான் கேட்டதை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது, ஐந்து ஒன்பது என்று நான் எழுதிய கணக்கும், பேசுகிற பல் எத்தனை என்பதும் சரியா என்று பார்த்துத் திருத்திக் கொடுங்கள். உப்புப் போட்ட தீர்த்தம் பற்றி எழுதியதில் தப்பு இருந்தால் குருவானவர் பார்க்கட்டும். என் தங்கை அந்தச் சந்தில் சொன்ன இரண்டையும் மட்டும் யாரும் தொட வேண்டாம். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.